வெள்ளத்துக்கு வானம் பொறுப்பு, சாவுக்கு யார் பொறுப்பு?

மழைக்கணக்கு

பல நாளாக உறுத்தும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன்.

2002 ஆகஸ்டில் ஜெர்மனியில் எல்பே ஆறு கரைபுரண்டது. அந்நாட்டு ஆட்சித் தலைவரான சான்சலர் ஷ்ரோடர் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். கருத்துக் கணிப்புகளில் பின்தங்கியிருந்தவர் செப்டம்பர் தேர்தலில் மயிரிழையில் கரையேறினார். 2021 ஜூலையில் அதே நாட்டின் மேற்குப் பகுதியில் வெள்ளம். குடியரசுத் தலைவர் இரங்கல் உரை நிகழ்த்திக்கொண்டிருக்க, பின்னால் நின்ற அர்மின் லாஷெட் யாரோ சொன்ன எதற்கோ சிரித்தார். கேமரா பார்த்துவிட்டது. சான்சலர் பதவிக்கு முன்னிறுத்தப்பட்டிருந்த அவருடைய கட்சி அந்தச் செப்டம்பரில் தோற்றது.

பூட்ஸ் போட்டவருக்கு நாற்காலி, சிரித்தவருக்கு வீடு. எச்சரிக்கை எத்தனை மணிக்குப் போனது, ஆற்றுப் படுகையை ஒட்டி வீடு கட்ட அனுமதித்தது யார், கரையைப் பராமரிக்கும் பணம் எங்கே போனது என்ற கேள்விகளுக்கும் இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் என்ன தொடர்பு?

"இது இயற்கையின் சீற்றம், அரசியலாக்காதீர்கள்" என்று கைகழுவும் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். அரசியலாக்கத்தான் வேண்டும். ஆனால் நாம் குற்றம் சாட்டும் லட்சணத்தைப் பார்த்தால், உண்மையில் தவறு செய்தவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள் என்றே தோன்றுகிறது.

தெற்குத்திண்ணை

ஏற்க மாட்டேன். முகத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுகிறார்கள் என்று மக்களை இளக்காரமாகப் பேசுவது சுலபம்.

ஸ்பெயினின் வலென்சியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 அக்டோபர் 29. வானிலைத் துறை காலையிலேயே சிவப்பு எச்சரிக்கை கொடுத்துவிட்டது. மக்களின் கைபேசிக்கு எச்சரிக்கை வந்தது இரவு 8.11க்கு. அதற்குள் பல ஊர்களில் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்திருந்தது, ஆட்கள் கார்களோடு போய்விட்டிருந்தார்கள். 220க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று பிற்பகல் மாநில அரசின் தலைவர் கார்லோஸ் மாசோன் எங்கே இருந்தார்? ஒரு பத்திரிகையாளருடன் மதிய விருந்தில். அது மாலை வரை நீண்டது. ஓராண்டு முழுக்கத் தெருவில் நின்று கத்திய பிறகுதான், 2025 நவம்பரில் பதவி விலகுவதாக அறிவித்தார்.

இதையும் நடிப்புக்கான மதிப்பெண் என்பீர்களா? ஆள் நாற்காலியில் இல்லை ஐயா. முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் நாற்காலி காலி. அதை மக்கள் சரியாகவே பிடித்துக்கொண்டார்கள்.

மழைக்கணக்கு

நல்ல உதாரணம், ஆனால் எனக்குத்தான் அது துணை. மாசோன் வீழ்ந்ததற்குக் காரணமாக இருந்தவை இரண்டு நேரங்கள். காலையில் வந்த எச்சரிக்கை, இரவு 8.11க்குப் போன எச்சரிக்கை. இடையில் என்ன நடந்தது என்று கேட்க முடிந்தது. பெரும்பாலான பேரிடர்களில் அந்த நேரங்களே நமக்குக் கிடைப்பதில்லை. கிடைக்காதபோது பூட்ஸைப் பார்க்கிறோம்.

ஊமைக்கோட்டான்

ஆளும் கட்சியாக இருந்தால் "அரசியல் செய்யாதீர்கள்". எதிர்க்கட்சியாக இருந்தால் "பதவி விலகு". வசனம் அதேதான், ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆள் மட்டும் மாறுகிறது. இதற்கு ஒரு விவாதமா?

பழைய மதகுக்காரர்

பொதுவாகப் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இந்தப் பேச்சு என்னைச் சும்மா இருக்க விடவில்லை.

ஒரு நீர்த்தேக்கத்தில் பல ஆண்டுகள் பொறியாளராக வேலை பார்த்தேன். எது, எங்கே என்று கேட்க வேண்டாம். வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரு அணைக்கு இரண்டு எஜமானர்கள். குடிநீருக்கும் பாசனத்துக்கும் பொறுப்பானவர் "நிரப்பி வை" என்பார். வெள்ளத்துக்குப் பொறுப்பானவர் "காலியாக வை" என்பார். இருவருக்கும் இடையில் ஒரு அட்டவணை இருக்கும். எந்தத் தேதியில் எத்தனை அடி வரை தேக்கலாம் என்று அது சொல்லும். ஏட்டில் அது மிக அழகாக இருக்கும்.

இப்போது என் இடத்தில் நின்று பாருங்கள். அட்டவணை அனுமதிக்கும் உயரத்தைத் தொடப் போகிறது. இரண்டு நாளில் கனமழை என்கிறது வானிலை அறிக்கை. முன்கூட்டித் திறந்துவிட்டேன், மழை திசை மாறிப் போய்விட்டது என்று வையுங்கள். கோடையில் குழாயில் தண்ணீர் வராது. "யாரைக் கேட்டுத் திறந்தாய்?" என்று விளக்கக் கடிதம் என் பெயருக்கு வரும். திறக்காமல் இருந்தேன், மழை கொட்டி, வேறு வழியின்றி எல்லா மதகுகளையும் ஒரே நேரத்தில் தூக்கினேன் என்று வையுங்கள். கீழே ஊர் மூழ்கும். அப்போது என்ன சொல்வார்கள்? "நூறாண்டு காணாத மழை."

திறந்தால் பழி எனக்கு, திறக்காவிட்டால் பழி வானத்துக்கு. இந்தக் கணக்குத் தெரிந்த எந்த அலுவலரும் காத்திருப்பார். கோழைத்தனம் என்று சொல்லிக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கை எழுதி வைத்தது நான் அல்ல.

கடைசி பெஞ்சு

மதகுக்காரர் ஐயா சொல்வதைப் படித்ததும் 2015 சென்னை வெள்ளம்தான் நினைவுக்கு வருகிறது. டிசம்பர் 1, செம்பரம்பாக்கம் ஏரி. தெருவில் அன்று எழுந்த குற்றச்சாட்டு என்ன? "முன்பே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்க வேண்டும், மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருந்து தாமதித்தார்கள்." பிறகு 2018இல் மத்திய தணிக்கைத் துறை அறிக்கை வந்தது. அது மனிதரால் உண்டான பேரிடர் என்றது. ஆனால் அது சுட்டிய குறை வேறு. ஏரியில் இன்னும் தேக்க இடம் இருந்தும் நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள் என்றது.

நாம் திட்டியது ஒன்று, தணிக்கை கண்டது மற்றொன்று. இரண்டுமே ஒருசேர உண்மையாக இருக்கவும் கூடும். அறிக்கை வருவதற்குள் 2016 தேர்தல் முடிந்து, அதே கட்சி மீண்டும் ஆட்சிக்கு வந்து, அந்த முதலமைச்சரும் மறைந்துவிட்டார். அறிக்கையை யார் மீது வைப்பது?

நடுவர்

இரு கட்சிகளின் பெயரைச் சொல்லி வசைபாடிய ஆறு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். எந்த ஆட்சியைப் பற்றியும் எழுதலாம். எந்த முடிவு, எந்த நாள், எந்த விளைவு என்று எழுதுங்கள். தாத்தா காலத்துக் கணக்கு வேண்டாம்.

ஏட்டுச்சுரைக்காய்

பழி எப்படிக் கைமாறும் என்பதற்கு 2005இன் கத்ரீனா புயலைப் போல ஒரு பாடம் கிடைக்காது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் சுமார் 80 விழுக்காடு தண்ணீரில் மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மேயர் ரே நேகின் கட்டாய வெளியேற்ற உத்தரவை, புயல் கரையைத் தொட ஒரு நாளே இருக்கும்போதுதான் போட்டார். கார் இல்லாதவர்களை ஏற்றிச் சென்றிருக்கக் கூடிய பள்ளி பஸ்கள் வரிசையாக மூழ்கிக் கிடந்த படத்தை உலகமே பார்த்தது. மேயர், மாநில ஆட்சித் தலைவரான ஆளுநரைக் கைகாட்டினார். ஆளுநர் கேத்லீன் பிளாங்கோ, கேட்ட உதவி வரவில்லை என்று மத்திய அரசைக் கைகாட்டினார். மத்திய அரசோ, முறைப்படி கேட்கவில்லை என்று மாநிலத்தைக் கைகாட்டியது. அதிபர் புஷ் விமான ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும் படம் ஒன்று வெளியானது. பேரிடர் முகமையின் தலைவர் மைக்கேல் பிரவுன், அதற்கு முன் அரேபியக் குதிரைகளுக்கான சங்கம் ஒன்றில் பதவி வகித்தவர் என்பது தெரியவந்தது. அவரைப் பார்த்து, பிரமாதமாக வேலை செய்கிறாய் என்று புஷ் மெச்சிய பத்து நாட்களில் அவர் பதவி விலகினார்.

இவை எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. யாருக்கும் முகம் தெரியாத பகுதி இனிமேல்தான். ஊரை மூழ்கடித்ததில் பெரும்பங்கு, கால்வாய்க் கரைகளில் எழுப்பிய வெள்ளத் தடுப்புச் சுவர்கள் சரிந்ததற்கு. சில இடங்களில் தண்ணீர் சுவரின் உச்சியைத் தொடும் முன்பே சுவர் விழுந்தது. அவற்றை வடிவமைத்தது அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படை. வடிவமைப்பில் பிழை இருந்ததை 2006இல் அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

வழக்குப் போட்டார்கள். 2008 ஜனவரியில் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். படையைக் கடுமையாகச் சாடிவிட்டுத்தான் தள்ளுபடி செய்தார். 1928இல் இயற்றிய வெள்ளத் தடுப்புச் சட்டத்தின்படி, வெள்ளச் சேதத்துக்கு மத்திய அரசு எந்த வகையிலும் பொறுப்பாகாது. அவர் கை கட்டப்பட்டிருந்தது.

அந்தச் சட்டம் எதற்காக வந்தது தெரியுமா? 1927 மிசிசிப்பி பெருவெள்ளத்துக்குப் பிறகு. அந்த வெள்ளத்தில் நிவாரணப் பணிக்குத் தலைமை தாங்கிப் புகழ் பெற்ற ஹெர்பர்ட் ஹூவர் மறு ஆண்டே அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரே வெள்ளம் ஒருவருக்கு மாளிகையையும், கரை கட்டுபவர்களுக்குக் காலத்துக்கும் பாதுகாப்பையும் கொடுத்துவிட்டுப் போனது. இதைப் படித்த அன்று எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

தெற்குத்திண்ணை

சுரைக்காய் நண்பரே, விவரத்துக்கு நன்றி. ஆனால் இப்படி ஐம்பது வருடம், நூறு வருடம் என்று பின்னோக்கிப் போனால் எல்லோரும் குற்றவாளி ஆகிவிடுவார்கள். ஊரே திருடன் என்றால் திருடனைப் பிடிக்க வேண்டியதில்லை. சுவர் விழுந்தது பழைய பிழைதான். ஆனால் விழுந்த பிறகு விளையாட்டு அரங்கத்திலும் மாநாட்டு மையத்திலும் ஆயிரக்கணக்கானோர் சோறு தண்ணீர் இல்லாமல் நாள்கணக்கில் கிடந்தார்களே, அதற்கு 1928 சட்டமா காரணம்? அப்போது பதவியில் இருந்தவர்கள்தான்.

செந்தாமரை

இதில் தெற்குத்திண்ணை பக்கம்தான் நான். கூடவே ஒன்று. 2004 ஜூலையில், அதாவது ஓராண்டுக்கு முன்பே, அதே நகரத்தைப் பெரும்புயல் தாக்கினால் என்ன ஆகும் என்று அதிகாரிகள் கூடி ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். 'பாம்' என்று அந்தக் கற்பனைப் புயலுக்குப் பெயரும் வைத்தார்கள். நகரம் மூழ்கும், வண்டி இல்லாதவர்கள் சிக்குவார்கள் என்று எல்லாம் பேசினார்கள். தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தெரிந்திருந்தும் செய்யாததற்கு ஒரு தண்டனை வேண்டாமா?

இன்னொரு விஷயம். பழியின் அளவு, சாவின் எண்ணிக்கையைப் பொறுத்தது. எண்ணுவதோ அதே அரசு. 2017 செப்டம்பரில் மரியா புயல் அமெரிக்காவின் ஆளுகையில் உள்ள போர்ட்டோ ரிக்கோ தீவைத் தாக்கியது. அரசின் கணக்கில் இறந்தவர்கள் 64 பேர். மாதக்கணக்கில் மின்சாரம் இல்லாமல், மருத்துவம் கிடைக்காமல் இறந்தவர்கள் அதில் வரவில்லை. பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வுக்குப் பிறகு, மறு ஆண்டு ஆகஸ்டில், அதே அரசு 2,975 என்று திருத்திக்கொண்டது. 64 பேருக்கான கோபமும் 2,975 பேருக்கான கோபமும் ஒன்றா? கோபப்பட வேண்டிய நேரத்தில் சிறிய எண்ணைக் கொடுத்துவிட்டு, ஆறிய பிறகு பெரிய எண்ணைக் கொடுத்தால் போதும் போலிருக்கிறது.

கடைசி பெஞ்சு

வாக்காளர்களையும் கொஞ்சம் கூண்டில் ஏற்றுவோமா? ஹீலி, மல்ஹோத்ரா என்ற இரு ஆய்வாளர்கள் 2009இல் அமெரிக்கத் தேர்தல்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பேரிடருக்குப் பிறகு நிவாரணப் பணம் கொடுத்த ஆளும் கட்சிக்கு ஓட்டுக் கூடியது. பேரிடருக்கு முன் தடுப்புக்காகச் செலவிட்டவர்களுக்கு ஓட்டில் பயனே இல்லை. தடுப்புக்குச் செலவிடும் ஒரு டாலர், பின்னால் வரும் சேதத்தில் ஏறத்தாழ 15 டாலரை மிச்சப்படுத்தும் என்பது அவர்களின் மதிப்பீடு. கரையை உயர்த்தியவனை நமக்குத் தெரியாது. காசோலை கொடுத்தவனோடு படம் எடுத்துக்கொள்கிறோம்.

1916இல் நியூஜெர்சிக் கடற்கரையில் சுறாக்கள் கடித்து நான்கு பேர் இறந்ததற்காக அதிபர் வில்சனுக்கு அங்கே ஓட்டுக் குறைந்தது என்றுகூட ஓர் ஆய்வு உண்டு. சுறாவை அதிபரா ஏவினார்?

ஏட்டுச்சுரைக்காய்

சுறா ஆய்வை மட்டும் தலையில் தூக்கி வைக்காதீர்கள். அதே தரவுகளை மறுபடி ஆராய்ந்த ஃபௌலரும் ஹாலும், அந்த முடிவு நிற்காது என்று எழுதியிருக்கிறார்கள். மக்கள் முட்டாள்கள் என்று நிரூபிக்கும் ஆய்வுகளுக்கு மட்டும் எப்படியோ கால் முளைத்துவிடுகிறது.

செந்தாமரை

பழி சொல்வதால் பயனே இல்லை என்று யாராவது முடிவு கட்டுவதற்குள் ஒடிசாவைச் சொல்லிவிடுகிறேன். 1999 அக்டோபர் 29, சூப்பர் புயல். ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். முதலமைச்சர் கிரிதர் கமாங் சில வாரங்களில் பதவி இழந்தார். அடுத்து வந்த 2000 தேர்தலில் அவர் கட்சி ஆட்சியை இழந்தது. அந்த மாநிலத்தில் அதன் பிறகு புயலை விளையாட்டாக எடுத்துக்கொண்ட முதலமைச்சர் இல்லை. பேரிடர் மேலாண்மைக்கென்றே தனி அமைப்பு, கடலோரம் நெடுகப் புயல் பாதுகாப்புக் கட்டடங்கள், கிராமந்தோறும் பயிற்சி பெற்ற தொண்டர்கள். 2013இல் பைலின் வந்தபோது சுமார் 10 லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். சாவு ஐம்பதைத் தாண்டவில்லை. ஒரு நாற்காலி போனது வீண் போகவில்லை.

மழைக்கணக்கு

அம்மா, ஒடிசாவில் நாற்காலி போனதோடு நிற்கவில்லை என்பதுதானே விஷயம். நாற்காலி போய், கட்டடம் வராத இடங்கள் எத்தனை? 1972 டிசம்பரில் நிலநடுக்கம் நிகரகுவாவின் தலைநகர் மனாகுவாவைத் தரைமட்டமாக்கியது. உலகம் அனுப்பிய நிவாரணத்தை அந்நாட்டை ஆண்ட சோமோசா கூட்டம் விழுங்கியது. அந்த ஆத்திரமும் சேர்ந்துதான் 1979இல் ஆட்சியைக் கவிழ்த்தது. 1970 நவம்பரில் கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய போலா புயலில் மூன்று லட்சம் பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கானின் அரசு மெத்தனமாக இருந்தது. அடுத்த மாதத் தேர்தலில் கிழக்குப் பாகிஸ்தானின் 162 இடங்களில் 160, அப்பகுதியின் கட்சியான அவாமி லீக்குக்கு. ஓராண்டில் நாடே பிரிந்து, கிழக்குப் பகுதி வங்கதேசமானது. பழிக்கு இதைவிடப் பெரிய தீர்ப்பு ஏது? ஆனால் 1991 ஏப்ரலில் இன்னொரு புயல் அதே வங்கதேசத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது.

தெற்குத்திண்ணை

வங்கதேசம் புயலால் மட்டும் பிறந்ததுபோல எழுதாதீர்கள். மொழி உரிமையும் பொருளாதாரச் சுரண்டலும் அதற்கு இருபது ஆண்டு முன்பே அடுப்பில் இருந்தன. 1991க்குப் பிறகு அங்கே புயல் சாவுகள் வெகுவாகக் குறைந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மழைக்கணக்கு

ஒப்புக்கொள்கிறேன். அவசரப்பட்டுவிட்டேன்.

ஏட்டுச்சுரைக்காய்

பழியைக் கீழே இறக்கினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. இத்தாலியின் லாக்விலாவில் 2009 ஏப்ரலில் நிலநடுக்கம், 309 பேர் பலி. அதற்கு ஒரு வாரம் முன்பு, சிறு அதிர்வுகளால் பயந்திருந்த மக்களை அமைதிப்படுத்தும் நோக்கில் ஒரு கூட்டம் நடந்தது. 2012இல் ஆறு விஞ்ஞானிகளுக்கும் ஓர் அதிகாரிக்கும் ஆறாண்டு சிறை என்று தீர்ப்பு. 2014 மேல்முறையீட்டில் விஞ்ஞானிகள் ஆறு பேரும் விடுதலை. அதிகாரிக்கு மட்டும் இரண்டாண்டு. கவலைப்பட ஒன்றுமில்லை என்று ஊடகத்திடம் சொன்னவர் அவர்தான். பூகம்பத்தைக் கணிக்கத் தவறியது குற்றமில்லை, கணிக்க முடியாததைக் கணித்ததுபோல் தேற்றியதே குற்றம் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். அந்தக் கோட்டை எட்ட இரண்டு ஆண்டும் இரண்டு நீதிமன்றங்களும் தேவைப்பட்டன.

ஊமைக்கோட்டான்

மதகுக்காரர் ஐயாவிடம் நேராக ஒரு கேள்வி. உங்கள் கையில் மதகு இருந்தது. சட்டப்படி திறக்கும் அதிகாரம் உங்களுக்கு இருந்ததா, இல்லையா? இருந்திருந்தால் ஏன் திறக்கவில்லை?

பழைய மதகுக்காரர்

இருந்தது. அணைக்கு ஆபத்து என்று கருதினால் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று விதியில் ஒரு வரி உண்டு. அப்படி ஓர் இரவு என் வாழ்க்கையிலும் வந்தது. நான் காத்திருந்தேன். பயந்தேன் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

தெற்குத்திண்ணை அவர்கள் சொன்னதுபோல நானும் அன்று பதவியில் இருந்தவன்தான். தப்பித்துக்கொள்ள இதை எழுதவில்லை.

மழைக்கணக்கு

ஐயா, தவறாக எண்ண வேண்டாம். அன்றிரவு நடந்தது எங்காவது பதிவாகியிருக்கிறதா? விசாரணையில் அதைக் கேட்டார்களா?

பழைய மதகுக்காரர்

மதகு ஏடு என்று ஒன்று உண்டு. மணிக்கு மணி நீர்மட்டம், வரத்து, திறப்பு எல்லாம் அதில் எழுத வேண்டும். ஓரத்தில் நான் இவற்றையும் எழுதினேன். 11.40, மேலதிகாரிக்குத் தொலைபேசி, எடுக்கவில்லை. 12.15, எடுத்தார், கேட்டுச் சொல்கிறேன் என்றார். 2.30, மீண்டும் கேட்டேன், இன்னும் மேலே கேட்டிருக்கிறோம் என்றார். 4.50, அனுமதி. 5.05, மதகுகள் தூக்கப்பட்டன.

விசாரணைக்கு வந்தவர்கள் மழை அளவையும் நீர்மட்டத்தையும் நகல் எடுத்துக்கொண்டார்கள். ஓரத்தில் இருந்ததை யாரும் கேட்கவில்லை. அறிக்கையில் "எதிர்பாராத வரத்து" என்று வந்தது. கீழே மூன்று ஊர்களில் தண்ணீர் புகுந்தது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. அமைச்சர் வந்தார், படகில் போனார், போர்வை கொடுத்தார்.

செந்தாமரை

கீழே இருந்த அந்த மூன்று ஊர்களுக்கும் தண்ணீர் வரப் போகிறது என்று யார் சொன்னது, எத்தனை மணிக்குச் சொன்னது என்பதும் ஏட்டில் உண்டா?

பழைய மதகுக்காரர்

இல்லை. அதற்கான பத்தியே ஏட்டில் கிடையாது. அச்சடித்து வரும் படிவம் அப்படித்தான். அந்த வருடத்துக்குப் பிறகு, கடைசிப் பத்திக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு "ஊருக்குச் சொன்ன நேரம்" என்று நானே தலைப்பு எழுதி நிரப்பி வந்தேன். புதிய ஏடு வரும்போதெல்லாம் மறுபடி கோடு போட வேண்டும். எனக்குப் பின் வந்தவர் போடுகிறாரா என்று தெரியவில்லை.